திரைக்குள் நின்ற பேருந்து

கோகிலவாணி ஏழாவது முறையாக அதே இடத்தில் பிரேக் போட்டாள். திரையில் ஓடிய சாலையோரம், நிறுத்தத்தில் ஒரு பேருந்து நின்றுகொண்டிருந்தது.

"காரணமின்றி வேகம் குறைக்கப்பட்டது. தேர்வில் தோல்வி," என்றது அவள் உட்கார்ந்திருந்த ஓட்டுநர் தேர்வுக் கூண்டின் குரல்.

கதவைத் திறந்துவிட்ட அதிகாரி ஜெயசீலன் தலையில் அடித்துக்கொண்டார். லைசென்ஸுக்காக நிஜச் சாலையில் வண்டி ஓட்டிக் காட்டும் வழக்கம் பொள்ளாச்சியில் ஒழிந்து பல வருடங்களாகிவிட்டன. பயிற்சி, தேர்வு எல்லாம் இந்தக் கூண்டுக்குள்ளேயே முடிந்துவிடும்.

"அந்த பஸ்ஸுல இருந்து யாரும் எறங்க மாட்டாங்கம்மா. புரோகிராம்ல ஆளே கிடையாது. பேசாம தாண்டிப் போங்க, இன்னைக்கே லைசென்ஸ் கையில."

"எம் பொண்ணும் அப்படித்தானுங்க தாண்டிப் போனா. இதே கூண்டுல நூத்துக்கு நூறு. ரெண்டாவது வாரமே நெஜ ரோட்டுல, நின்ன பஸ்ஸுக்கு முன்னால இருந்து அதுல எறங்குன ஒரு டீச்சரம்மா குறுக்க வந்துட்டாங்க. அவங்களால இன்னும் நடக்க முடியலைங்க. இவ கார் சாவியைத் தொடறதே இல்லைங்க."

ஜெயசீலன் குரலைத் தாழ்த்தினார். "லைசென்ஸ் இல்லேன்னா உங்களுக்குக் கிடைச்சிருக்கிற ஸ்கூல் வேன் ஓட்டுற வேலை கையை விட்டுப் போயிடும். ஒரே ஒரு தடவை பிரேக் போடாம போங்கம்மா."

கோகிலவாணி எட்டாவது விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு அவர் மேசைமேல் வைத்தாள்.

"அடுத்த தடவையும் நான் பிரேக் போடத்தானுங்க போறேன். நீங்க அதுக்குள்ள அந்த பஸ்ஸுல இருந்து ஒரு ஆளையாவது எறக்கி விடுங்க சார்."