தலைமாடு எந்தப் பக்கம்

இடப்பக்க அறையா, வலப்பக்க அறையா என்று டிராவல்ஸ் அலுவலகத்தில் டிக்கெட் போடும் ரெஜினா மூன்றாம் முறையாகக் கேட்டாள். செண்பகவல்லி கப்பலின் வரைபடத்திலிருந்து விரலை எடுக்கவில்லை. எல்லா அறையிலும் கட்டிலின் தலைமாடு கடல் பக்கம்தான். கப்பல் கிழக்கே போகும்போது இடப்பக்க அறையில் படுத்தால் தலை வடக்கே. தீவைத் தொட்டுவிட்டு மேற்கே திரும்பினால் வலப்பக்கத்துக்கும் அதே கதி. பங்குனியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வடக்கே தலைவைத்துப் படுத்த அன்றுதான் அவள் கணவருக்கு மூச்சு நின்று, மறுபடி வந்தது. அதன்பின் வீட்டுக் கட்டிலை அவள் இம்மிகூட நகர விட்டதில்லை.

“வலப்பக்கமே போடும்மா. திரும்பினதும் தலைகாணியைக் கால்மாட்டுக்கு மாத்திடறேன். எப்பம்மா திரும்பும்?”

ரெஜினா ஆறுதலாகச் சிரித்தாள். “பயப்படாதீங்க ஆன்ட்டி. நீங்க தூங்கிட்டிருக்கும்போதே மெதுவாத் திரும்பிடும். ஒரு அசைவுகூடத் தெரியாது.”

செண்பகவல்லி கணவரைப் பார்த்தாள். பக்கத்து நாற்காலியில் அவர் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணயர்ந்திருந்தார். ஜன்னலே இல்லாத ஏசி அறை.

“இது எந்தத் திசைச் சுவரும்மா?”

ரெஜினா செல்போனில் திசைகாட்டியைத் திறந்தாள். முள் சுற்றிக்கொண்டே இருந்தது. அது நிற்கும்வரை செண்பகவல்லி காத்திருக்கவில்லை. அவர் தலைக்கும் சுவருக்கும் நடுவே கையை நுழைத்து, “என்னங்க” என்றாள்.

பிறகு கொஞ்சம் சத்தமாக, “என்னங்க.”