மல்லாந்து சாக ஒரு வாய்ப்பு

துப்பாக்கி முனை ஹினேஸின் தாடையைத் தொட்டது. கறுப்பு உடையில் நின்ற அந்தப் பெண்ணின் கண்கள் அழுது அழுது சிவந்திருந்தன. அவளுக்குப் பின்னால், கோவேறு கழுதை பூட்டிய வண்டியில், அவளுடைய அப்பாவின் சவப்பெட்டி.

ஹினேஸுக்கு ஒரே கவலைதான். மல்லாந்து விழ வேண்டும். தப்பித்தவறியும் குப்புற விழுந்துவிடக் கூடாது.

"கட்! கழுதை!" என்று அலறினார் இயக்குநர் தோனினி. கழுதை மெல்லத் திரும்பி, கேமராவுக்குத் தன் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

ஸ்பெயின் நாட்டு அல்மேரியாவின் பொட்டல்வெளிக்கு இத்தாலிக்காரர்கள் கௌபாய் படம் எடுக்க வந்ததிலிருந்து ஹினேஸ் செத்துப் பிழைக்கிறான். எல்லாப் படத்திலும் குப்புற விழுந்த சாவுதான். ஊர்த் திறந்தவெளிக் கொட்டகையில் ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு அவன் மனைவி என்கார்னா ஒரே கேள்வியைத்தான் கேட்பாள்.

"இந்த முதுகு ஊர்ல எவனுக்கு வேணா இருக்கும்யா. உண்மையைச் சொல்லு, பகல்ல நீ எவ வீட்டுக்குப் போயிட்டு வர்ற?"

இன்று அதற்கு முடிவு வந்துவிடும். அப்பாவைக் கொன்றவர்களைத் தேடித்தேடிச் சுடுகிற பெண்ணின் கதை இது. கடைசி வில்லனாக நடிக்க வேண்டியவர் குதிரையிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டதால், அந்த வேடம் ஹினேஸுக்கு வந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டு, சுடப்பட்டு, வானத்தைப் பார்த்துச் சாக வேண்டும். திரை முழுக்க அவன் முகம்.

நாலு இத்தாலிக்காரர்கள் கழுதையைத் தள்ளினார்கள். அது அசையவில்லை. மலைப்பக்கத்துக் கழுதை, உள்ளூர் வசவு காதில் விழாமல் ஓர் அடி வைக்காது. கதாநாயகி லவீனியா பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போய், அதன் காதில் ஏதோ முணுமுணுத்தாள். கழுதை பேசாமல் பழைய இடத்துக்கு வந்து நின்றது.

"பாத்தியாடா, கழுதைகூட அழகுக்கு மயங்குது" என்றான் இன்னொரு வில்லனான தாமியான். காலையிலேயே செத்துவிட்டதால் அவன் நிழலில் உட்கார்ந்திருந்தான். "ஆனா கோழி விஷயம் மட்டும் தெரிஞ்சுது, அந்தம்மா நிஜத் தோட்டாவைப் போட்டுரும்."

"வாயை மூடுடா!"

கோழியின் பெயர் கொந்தேசா. லவீனியா அதை ரோமிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அது காணாமல் போனது. அன்றிலிருந்து அவள் அழுகை ஓயவில்லை. "நரி தூக்கிட்டுப் போயிருக்கும்" என்று எல்லாரையும் நம்பவைத்தவன் ஹினேஸ்தான். அவள் சிவந்த கண்களைப் பார்க்கும்போதெல்லாம் தொப்பியை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டான்.

தோனினி அவன் தோளில் கை போட்டார். "நல்லா மனசுல இருந்து பேசு. என்ன வேணா பேசு, வாய் அசைஞ்சா போதும். குரலை ரோம்ல வேற ஆள் குடுப்பான்."

அங்கே எப்போதும் அப்படித்தான். கேமரா படத்தை மட்டும் பிடிக்கும். அவரவர் தெரிந்த மொழியில் எதையாவது சொல்லிவைப்பார்கள். போன படத்து ஷெரீப், தூக்குத் தண்டனை விதிக்கும்போது காளைச்சண்டை வீரர்களின் பெயர்களைத்தான் ஒப்பித்தார்.

"ஆக்‌ஷன்!"

லவீனியா இத்தாலிய மொழியில் சீறினாள். ஹினேஸுக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. மனப்பாரத்தை இறக்கிவைக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. பாதிரியாரிடம் சொன்னால் ஊரே கேட்கும்; இவளுக்கோ ஸ்பானிஷில் ஒரு வார்த்தை புரியாது.

பற்களைக் கடித்து, கண்ணை உருட்டி, கொலைகாரச் சிரிப்போடு ஆரம்பித்தான்.

"உன் கோழியைத் தூக்கினது நான்தான்! நரியும் இல்ல, நாயும் இல்ல! அரிசியில போட்டு, குங்குமப்பூவெல்லாம் தூவி, நானும் தாமியானும் தின்னோம்! ஆனா செருப்புத் தோல் தோத்துது போ! கடிச்சு இழுத்ததுல என் கடவாய்ப் பல்லு இன்னும் ஆடுது!"

லவீனியாவின் கண்களில் அப்படி ஒரு கொலைவெறியை அந்தப் பொட்டல் கண்டதில்லை. சுட்டாள். ஹினேஸ் அருமையாக மல்லாந்து விழுந்தான். கேமரா அவன் முகத்துக்கு மேலே வந்து நின்றது.

"கட்! அடடா, என்ன கோபம்! அந்தக் கண்ணு!" தோனினி தொப்பியை வானத்தில் எறிந்தார்.

"ஜெயிச்சுட்டடா! என்கார்னா இனி வாயே தொறக்க மாட்டா" என்றான் தாமியான். ஹினேஸுக்குத் தலைகால் புரியவில்லை. முகமும் கிடைத்தது, பாவமும் தொலைந்தது.

லவீனியா தோனினியின் காதில் ஏதோ சொன்னாள். அவர் தலையைச் சொறிந்தார். பிறகு பலமாக ஆட்டினார்.

"ஹினேஸ், இன்னொரு தடவை. முதல்ல எடுத்தது வேணாம். இப்ப குப்புற விழு, மூஞ்சி மண்ணுல புதையணும். லவீனியா சொல்றது சரிதான், பழிவாங்கினா முழுசா வாங்கணும்."

"ஐயா, மூஞ்சி தெரியலேன்னா என் பொண்டாட்டி..."

"அந்தப் பக்கம் நில்லு. கழுதை நின்ன இடத்துல. ஆக்‌ஷன்!"

துப்பாக்கி வெடித்தது. ஹினேஸ் குப்புற விழுந்தான். கழுதை அங்கே சும்மா நின்றிருக்கவில்லை என்பது விழுந்த பிறகுதான் தெரிந்தது.

லவீனியாவின் பூட்ஸ் அவன் காதருகே வந்து நின்றது. அவள் குனிந்து, மலைப்பக்கத்துக் கழுதைக்காரர்களின் அதே அல்மேரியா இழுவையில், மெதுவாகச் சொன்னாள்:

"கெழட்டுக் கோழி அண்ணே அது, இன்னும் கொஞ்சம் வேகவிட்டிருந்தா பல்லாவது தப்பிச்சிருக்கும்."