ஆப்பிரிக்காவைச் சுற்றி

முப்பத்தொரு நாள் என்றதும் ரோஷன் பேகத்தின் முகம் வாடியது.

"அவ்ளோ சீக்கிரமா போய்ச் சேந்துருமா புள்ள?"

எழில்மதி கணினியிலிருந்து கண்ணை எடுத்தாள். காரைக்காலில் அந்தச் சரக்கு அலுவலகத்தில் சேர்ந்து ஆறு மாதமாகிறது. மெதுவாகப் போகட்டும் என்று கேட்டு இதுவரை யாரும் வந்ததில்லை.

"இது செங்கடல் வழியா போற கப்பல்மா. ஆப்பிரிக்காவச் சுத்திப் போறதும் இருக்கு. அதுல அம்பது நாள் ஆயிரும்."

"அதுலயே போடு."

எதிர் மேசையில் மாறன் சிரித்தார். "அதுவும் வேகம்னா சொல்லுங்கம்மா. பட்டினச்சேரில ஒரு கட்டுமரம் பேசி விடுறேன்."

ரோஷன் பேகமும் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

பன்னிரண்டு பெட்டி அப்பளமும் மசாலாத் தூளும். பாரிஸில் கடை வைத்திருக்கும் மகன் நூருல் அமீனுக்கு அவர் கணவர் அப்துல் லத்தீப் வருடாவருடம் அனுப்புவது. இந்த முறை படுக்கையில் கிடந்தபடியே ஒவ்வொரு பெட்டியையும் கண்ணெதிரில் கட்ட வைத்திருக்கிறார். அவர் ஒரு மாதம் தாங்க மாட்டார் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார்.

"அம்பது நாள் பாய் பொறுப்பாங்களா?" என்றார் மாறன். "தெனம் மவனுக்குப் போனப் போட்டு, வந்துச்சா வந்துச்சான்னு கேப்பாங்களே."

"கேக்க மாட்டாஹ. சரக்கு கெளம்பிட்டா, கை சேர்ற வரைக்கும் மவன்கிட்ட பேச மாட்டாஹ. நடுவுல விசாரிச்சா சரக்குக்கு ஆவாதுன்னு அவுஹ வாப்பா காலத்துலேர்ந்தே வழக்கம். அவன்தான் 'வந்துருச்சு வாப்பா'ன்னு மொதல்ல கூப்புடணும்."

எழில்மதிக்கு மனசு கேட்கவில்லை.

"அப்பன்னா ப்ளேன்ல போடுங்கம்மா. மூணே நாள். செலவுக்கு யோசிக்காதீங்க, சார்ட்ட சொல்லி நான் கொறைச்சுத் தரச் சொல்றேன். மவன் கொரல ஒரு தடவ கேட்டுட்டாவது போகட்டுமே."

"பொண்ணு சொல்றதுதான் சரி." மாறன் இப்போது சிரிக்கவில்லை. "கப்பல்ல போட்டா, தம்பி போன் பண்றப்ப பாய் இருக்க மாட்டாங்கம்மா."

"இருக்க மாட்டாஹ" என்றார் ரோஷன் பேகம், வெள்ளைத் துப்பட்டியின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே. "அதுக்குத்தான் கப்பல்."

எழில்மதி எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

"என்னம்மா சொல்றீங்க?"

"போன் பண்ண அவன் இல்ல புள்ள. போன வெள்ளிக்கெழம அங்கயே அடக்கம் பண்ணிட்டாங்க."