பூஜ்ஜியம் காட்டிய மீட்டர்

"சார், கதவைத் திறந்துராதீங்க! காட்டுமாடு வாசல்லயே நிக்கிது. அது போற வரைக்கும் உள்ளயே கெடங்க" என்று போனில் எச்சரித்தார், வட்டக்கானல் காட்டேஜ் காவலாளி வேலுமணி.

பாசித் சன்னல்களையும் இறுகச் சாத்தினான். சந்தையில் மனைவி சுலைகா வாங்கிய கேரட் கட்டு சன்னல் விளிம்பில் கிடந்தது. அறை நடுவே கரியடுப்பு கனன்றது.

"ஏங்க, தலை கிறுகிறுங்குது. அடுப்பை அணைச்சிருவமா?"

"குளிர்ல வெறைச்சுப் போவோம். எனக்கும்தான் தலைவலி. எல்லாம் மலைப்பாதை வளைவு பண்ற வேலை."

அனல்மின் நிலையத்துக் கொதிகலன்களில் நைட்ரஜன் ஆக்ஸைடைக் குறைப்பது பாசித்தின் உத்தியோகம். அதை அளக்கும் மீட்டரைப் பையிலிருந்து எடுத்து அடுப்பருகே நீட்டினான்.

"பாரு, பூஜ்ஜியம்! எங்க ப்ளான்ட்ல இப்படி வந்தா எனக்கு மாலையே போடுவாங்க."

"மாலையை இங்கயே போட்டுறப் போறாங்க" என்று முனகிய சுலைகா அப்படியே கண்மூடினாள்.

"சுலைகா! ஏ சுலைகா!"

பதறி எழுந்தான். கால்கள் மடங்கி, தரையில் விழுந்தான்.

படாரென்று சன்னல் கண்ணாடி நொறுங்கியது. கொம்புத் தலை ஒன்று உள்ளே நீண்டு, கேரட் கட்டைக் கவ்விக்கொண்டு போனது. பின்னாலேயே பனிக்காற்று பாய்ந்து வந்தது.

சற்று நேரத்தில் சுலைகா இருமியபடி கண் திறந்தாள். "யா அல்லாஹ்! மாடு உள்ள வந்துருச்சா?"

தலை தெளிந்த பாசித், கையிலிருந்த மீட்டரை வெறித்தான். நெருப்புக்குக் காற்றைக் குறைத்தால் நைட்ரஜன் ஆக்ஸைடு இறங்கும், ஆளைக் கொல்லும் கார்பன் மோனாக்ஸைடு ஏறும் என்று ஊழியர்களுக்குப் பாடம் நடத்துகிறவனே அவன்தான். ஏறுவதைப் பார்க்க அந்த மீட்டருக்குக் கண்ணில்லை.

"இன்னும் கேரட் இருக்கா, சுலைகா?" என்றான்.