தவிட்டுப்புறாவின் நடிப்பு

ஒரகடத்தில் புதுத் தொழிற்சாலைக்காகச் சமன்செய்யும் நிலத்தில் கடைசியாக ஒரு கருவேலம் புதர் நிற்கிறது. அதன் முன்னால் ஜேசிபியை நிறுத்திவிட்டு, வெயிலில் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறான் தேவநாதன். போன வாரம்தான் இந்த வேலைக்கு வந்தவன். ஒரு தவிட்டுப்புறா, இறக்கை ஒடிந்ததுபோல் தரையில் இழுத்து இழுத்து, புதரைவிட்டு விலகிப் போகிறது. "அடிபட்டுடுச்சாக்கா?" என்கிறான், மண்ணுக்குத் தண்ணீர் தெளிக்கும் உமாதேவியிடம். "அடியெல்லாம் இல்ல தம்பி, நடிக்குது. உள்ள குஞ்சு கீது. நாம அதும்பின்னால போயிடுவோம்னு பாக்குது." முள்ளுக்கு நடுவே, முழங்கால் உயரத்தில், நாலைந்து குச்சிகளின்மேல் இரண்டு குஞ்சுகள் அசையாமல் ஒட்டிக் கிடக்கின்றன. தேவநாதன் வண்டியிலிருந்து இறங்கக் காலை எடுத்து வெளியே வைக்கிறான். "இன்னா வேடிக்கை? லாரி நிக்குது பாரு! முடியலன்னா எறங்கிப் போ, வேற ஆளு கீறான்," என்று சூப்பர்வைசர் பின்னாலிருந்து கத்துகிறார். உமாதேவி குழாயைக் கீழே போடுகிறாள். தேவநாதன் காலை உள்ளே இழுத்துக்கொள்கிறான். இரும்புக் கை தாழ்கிறது. தூசி அடங்கும்போது புதர் இருந்த இடம் வெறும் மண். புறா இன்னும் இறக்கையை இழுத்துக்கொண்டு, அவன் வருகிறானா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தபடி, தூரமாய்ப் போய்க்கொண்டிருக்கிறது.