முகத்துக்கு மேல் ஒட்டியவர்

சடையங்குப்பத்தில் மழை விட்டு நான்கு நாளாகியும் தெருவில் கணுக்கால் தண்ணீர் நிற்கிறது. அதன் நடுவே செங்கல் அடுக்கிய மேட்டில், எம்.எல்.ஏ. இசக்கிப்பாண்டி தொகுதிக்கு இலவசமாகக் கொடுத்த ஃப்ரீசர் பாக்ஸ் உறுமிக்கொண்டிருக்கிறது. உள்ளே மெர்லின். மூடாத கால்வாயில் விழுந்து இரண்டு நாள் கிடந்தவள். பெட்டியைத் திறக்கவே கூடாதென்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கண்ணாடி வழியாகத்தான் பார்க்க முடியும். அந்தக் கண்ணாடியில், சரியாக அவள் முகத்துக்கு மேலே, ‘பண்பாடு காப்போம்’ ஸ்டிக்கரில் இசக்கிப்பாண்டி கைகூப்பிச் சிரிக்கிறார். நேரிலும் மாலையோடு வந்து நிற்கிறார். மூன்று முறை ஜெயித்தவர். பெண்கள் நைட்டியோடு தெருவுக்கு வருவதைக் கண்டித்துச் சட்டசபையில் நாற்பது நிமிடம் பேசியவர். கால்வாயைப் பற்றிப் பேச நேரம் போதவில்லை. “அண்ணே, உன் மூஞ்சிய கொஞ்சம் எடுக்கச் சொல்லுண்ணே. எம் பொண்ணு மூஞ்சிய ஒரு தபா பாத்துக்கினு அனுப்பிடறேன்” என்கிறாள் தாய் சிலுவையம்மாள். அவர் பார்வை அவளுடைய நைட்டியில் நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து அவள் தோளில் துண்டைப் போர்த்துகிறாள். துண்டு நழுவித் தண்ணீரில் விழ, சிலுவையம்மாள் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டுகிறாள். மேல்தாள் உரிகிறது. அடியில் போன தேர்தலின் இசக்கிப்பாண்டி, கறுத்த மீசையோடு சிரிக்கிறார். அதையும் உரிக்கிறாள். அதற்கும் அடியில் முதல் தேர்தலின் இசக்கிப்பாண்டி, தலை நிறைய முடியோடு. கல்லறைக்குப் போகும் வண்டி ஹாரன் அடிக்கிறது. “இன்னும் எத்தினி பேருண்ணே கீற நீ?” என்று கேட்டபடி, ரத்தம் கசியும் விரலால் அவள் மூன்றாவது சிரிப்பின் ஓரத்தைத் தேடுகிறாள்.