எட்டாவது ஆள்

மூன்றாவது தீக்குச்சியில்தான் வீடு பற்றிக்கொண்டது. ஹெல்மர் வாசற்படியிலிருந்து பின்வாங்கி, யாராவது வருகிறார்களா என்று சாலையைத் திரும்பிப் பார்த்தார். ஒருவரும் இல்லை.

"தலைவரே, இத்தனை வருஷம் தீயை அணைச்சு அணைச்சு, பத்த வைக்கிறதே மறந்து போச்சா?" என்றாள் லவோன். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். இன்று தீயணைப்புக் குழுவின் தண்ணீர் வண்டிக்கு அவள்தான் ஓட்டுநர்.

அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் அந்த மூலையில் இது வழக்கம்தான். ஆளில்லாத பண்ணை வீட்டை உரிமையாளர் ஊர்த் தீயணைப்புக் குழுவுக்குக் கொடுத்துவிடுவார். குழுவினர் அறை அறையாகக் கொளுத்தி அணைத்துப் பழகிவிட்டு, கடைசியில் முழுதாக எரியவிடுவார்கள். மறு வருஷம் அங்கே கோதுமை விளையும்.

இது தோரா அம்மாளின் வீடு. அவள் இறந்ததும் நிலம் மினியாபொலிஸில் இருக்கும் அண்ணன் மகளுக்குப் போனது. வீடு காலிதான், எரித்துக்கொள்ளுங்கள் என்று அந்தப் பெண் தொலைபேசியில் சொல்லியிருந்தாள். காலையில் சுற்றிப் பார்த்தபோது பின்னறையில் ஒரு மடக்குக் கட்டிலும் கம்பளியும் மட்டும் கிடந்தன. மான் வேட்டைக்கு வருகிறவர்கள் காலி வீடுகளில் படுத்துவிட்டுப் போவது எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஹெல்மரின் கவலை வேறு. குழுவில் எட்டுப் பேர் இருந்தாக வேண்டும் என்பது மாவட்ட விதி. கிளாரன்ஸ் தன் மகளோடு அரிசோனாவுக்குப் போனபின் ஏழு பேர்தான் மிச்சம். ஆண்டு முடிவதற்குள் இன்னொரு ஆள் சேராவிட்டால் குழுவைக் கலைத்து, வண்டியையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

சம்பளமில்லாத வேலை அது. ஆனால் மனைவி இறந்தபின் ஹெல்மர் மனிதர்களோடு உட்கார்ந்து பேசுவது புதன்கிழமைப் பயிற்சியில் மட்டும்தான். மற்ற நாட்களில் வானொலியில் கோதுமை விலை சொல்கிறவன்தான் துணை. புதன்கிழமை இல்லாத வாரத்தை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கூரை சரிந்து பொறி கிளம்பியபோதுதான், வேலியோரம் நின்ற பெரியவரை அவர் கவனித்தார். கையில் மளிகைக் கடைக் காகிதப் பை. சாவு வீட்டுக்கு வந்தவரைப் போலத் தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்திருந்தார். எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை.

லவோன் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்து, காபியும் ரொட்டியும் கொடுத்தாள். பெயர் ஐனார் என்றார். தோரா அம்மாளிடம் பண்ணை வேலை பார்த்தவராம். மற்றக் கேள்விகளுக்கெல்லாம் வெறுமனே தலையாட்டினார்.

"இத்தனை பேரை இங்க பாத்து ரொம்ப நாளாச்சு," என்றார், கோப்பைக்குள் பார்த்தபடி.

அதுவரை அடங்கியிருந்த காற்று சட்டென்று எழுந்தது. பொறிகள் காய்ந்த புல்லில் விழுந்து பரவின. புல்லுக்கு அப்பால் பக்கத்துப் பண்ணையின் வைக்கோல் கட்டுகள். தண்ணீர் வண்டியோ வற்றிவிட்டது. ஆற்றுக்குப் போய் நிரப்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஊருக்கே நெருப்பு வைத்த குழு என்று பெயர் வாங்கினால், எட்டாவது ஆள் கிடைத்தும் பயனில்லை என்று நினைத்தபடி ஹெல்மர் வண்டியிலிருந்த சாக்குகளை இழுத்துப் போட்டார்.

ஐனார் பையைக் கீழே வைத்தார். பிளம் மரங்களுக்குப் பின்னால் போய், களைகளுக்கு நடுவே மறைந்திருந்த கைபம்பின் பிடியைச் சற்று இடப்பக்கமாகத் தூக்கி அழுத்தினார். முதல் அழுத்தலிலேயே தண்ணீர் கொட்டியது.

வாளி கைமாறியது. நனைந்த சாக்குகளோடு ஹெல்மரும் ஐனாரும் தோளோடு தோள் நின்று புல்லை அடித்தார்கள். வேலியைத் தொடும் முன்பே தீ அடங்கியது.

பிறகு எல்லோரும் வண்டியோரம் உட்கார்ந்தார்கள். முகமெல்லாம் கரி. யாரோ ஐனாரின் முதுகில் தட்டினார்கள்.

"பெரியவரே, நீங்க அடிச்ச அடிக்கு அடுத்த வருஷம் புல்லு முளைக்கவே பயப்படும்," என்றாள் லவோன், அவருக்கு மறுபடி காபி ஊற்றியபடி.

ஐனார் சிரித்தார். நெடுநாள் பூட்டிக் கிடந்த கதவு திறப்பதுபோல் அந்தச் சிரிப்பு தயங்கித் தயங்கி வந்தது.

ஹெல்மர் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, குழுவில் சேர விருப்பமா என்று கேட்டார். காசு கிடையாது, புதன்கிழமை மாலையில் பயிற்சி, அது முடிந்ததும் சீட்டாட்டம், லவோனின் தண்ணிக் காபி, அவ்வளவுதான் என்றார்.

"புதன்கிழமை எல்லாரும் வருவாங்களா?"

"எல்லாரும் வருவோம்."

"அப்ப நானும் வர்றேன்."

ஹெல்மருக்கு நெஞ்சு லேசானது. இந்தப் பாழ்வெளியில் இப்படி ஒருவர் எங்கே ஒளிந்திருந்தார் என்று வியந்தபடி, கரி படிந்த அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ஒரே ஒரு விதி இருக்கு, ஐனார். நம்ம எல்லைக்குள்ள குடியிருக்கிறவங்களைத்தான் சேத்துக்க முடியும். உங்க வீடு எங்க?"

ஐனார் கடைசி மடக்கைக் குடித்துவிட்டு, கோப்பையைப் பத்திரமாக லவோனிடம் நீட்டினார்.

"அதைத்தானே இப்ப எரிச்சு முடிச்சோம்."